கோட்டுக்குப் போட்ட சாம்பிராணி

பிள்ளைகளே,

கலியாணப் பெண்ணை உடுத்தி வெளிக்கிடுத்தும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். நாலு பேருக்கு முன்னால் எழும்பி நின்று கதைக்க எனக்கு ஏலாது. அதனால் எழுதித் தருகிறேன். உங்களில் ஒருத்தி உரத்து வாசியுங்கள். நான் அந்த நேரம் பின்னுக்கு, தேத்தண்ணி ஊற்றுகிற இடத்தில் நிற்பேன்.

கொண்டை போடுவது, மூடுதுணி குத்துவது இதெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் காலத்தில் பவுடர் ஒரே நிறம்தான். எந்தப் பெண்ணும் மாப்பானைக்குள் விழுந்து எழும்பினவள் மாதிரித்தான் கோயிலுக்குப் போனாள். நீங்கள் இப்போது செய்கிற வேலையைப் பார்த்தால் எனக்கே இன்னொரு தரம் கலியாணம் கட்டலாம் போல இருக்கிறது.

நான் சொல்ல வந்தது வேறு. கலியாண வீட்டில் அன்று ஒருவருக்கும் மனம் அதனதன் இடத்தில் இராது. சிரிக்க வேண்டியவர் அழுவார், அழ வேண்டியவர் சோற்றுப் பானைக்கு மூடி தேடிக்கொண்டு திரிவார். அதற்குள் நின்றுதான் எங்கள் வேலை. ஆருக்கு என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஊசி குத்தினால் ஊசி பிழையான இடத்தில் குத்தும்.

ஒருமுறை எருக்கலம்பிட்டியில் ஒரு மணப்பெண்ணுக்கு நகை பூட்டி முடிய, அந்தப் பிள்ளைக்குக் கண் நிறையத் தண்ணீர். தாயைப் பிரிகிற கவலை என்று தாய் கட்டிப்பிடித்து அழுதா. மாமி அழுதா. அயலில் இருந்து பார்க்க வந்தவர்களும் இருந்து ஆறுதலாக அழுதார்கள். நானும் என் தாயை நினைத்து மூக்கை உறிஞ்சினேன். கடைசியில் அந்தப் பிள்ளை என் காதுக்குள் சொன்னது:

"அக்கா, இந்தத் தோட்டைக் கழட்டுங்கோ. மயிரையும் சேத்துத் திருகிப்போட்டியள்."

கழற்றினேன். கண்ணீர் நின்றது. அழுது முடிக்காத மாமிக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. தாய் விழுந்து விழுந்து சிரித்து, எனக்கு ஒரு சின்ன அத்தர் போத்தல் தந்து அனுப்பினா. நானும் இனி இப்படிப் பிழை விடமாட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்த கலியாணத்திலேயே விட்டேன், இதைவிடப் பெரிதாக.

அதற்கு முதல் என் கோட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். பெண்ணுக்குத் தலையில் வைக்கிற முடி, மூடுதுணி, கையுறை எல்லாம் நான் வாடகைக்குக் கொடுப்பேன். அதோடு பெண்ணின் தகப்பனுக்கு ஒரு கறுப்புக் கோட்டும் வைத்திருந்தேன். மாற்றலாகிப் போன ஒரு ஸ்டேசன் மாஸ்டர் விட்டுவிட்டுப் போனது. கரையோரத்து வீடுகளில் அந்தக் காலத்துக் கலியாணப் படங்களை எடுத்துப் பாருங்கள். பெண் மாறும், மாப்பிள்ளை மாறுவார், தகப்பன் மாறுவார், கோட் மாறாது. அது ஒருவருக்கும் அளவில்லை. மெலிந்த தகப்பனுக்குப் பின்னால் ஊசி குத்தி இறுக்குவேன். கொழுத்த தகப்பனைப் பொத்தான் பூட்டாமல் வயிற்றுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்வேன். கம்பளித் துணி ஆனபடியால் கழுவுவதில்லை. கொடியில் போட்டுக் காற்றுப் பிடிக்க விடுவேன், அவ்வளவுதான்.

அந்த அடுத்த கலியாணம் தாழ்வுபாட்டுக் கரையில். பெண்ணின் பெயர் ஜெசிந்தா. தகப்பன் சவிரி அண்ணை கரைவலை இழுக்கிறவர். நல்ல உயரம், நல்ல குரல். வலை இழுக்கும்போது மற்றவர்களுக்கு அம்பாப் பாட்டு எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். அடுத்த வளவில் அவருடைய தமையன் பிலிப்பு அண்ணை. இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு பனையோலை வேலி. வேலியில் ஆள் நுழைகிற மாதிரி ஒரு பொட்டு முந்தி இருந்தது. இந்த வீட்டுப் பிள்ளைகளும் அந்த வீட்டுக் கோழிகளும் அதால்தான் போய்வரும். அதை ஓலை வைத்து அடைத்துவிட்டார்கள்.

காரணம் கூத்து. திருநாளுக்கு ஊரில் கூத்துப் பழக்கியபோது அண்ணாவியார் தம்பிக்கு ராசா வேடம் கொடுத்தார், தமையனுக்கு மந்திரி வேடம். மந்திரி வந்து ராசாவுக்கு முன்னால் குனிந்து வணங்க வேண்டும். அன்று மேடையில் பிலிப்பு அண்ணை வந்தார், நின்றார், குனியவில்லை.

"நான் தோளில வச்சுத் தூக்கினவனுக்கு முன்னால நான் குனியிறதோ?" என்று சபையைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப நீயே ராசாவா இரு" என்று சவிரி அண்ணை முடியைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கிப் போனார். இது கூத்தில் உள்ளதோ இல்லாததோ என்று தெரியாமல் சனம் கைதட்டியது.

அதோடு பேச்சு நின்றது. பிலிப்பு அண்ணையின் மகளுடைய கலியாணம் முதலில் வந்தது. தம்பிக்குச் சொல்லவில்லை. பிறகு ஜெசிந்தாவின் கலியாணம் வந்தது. தமையனுக்குச் சொல்லவில்லை. இரண்டு கலியாணத்துக்கும் போனது நானும் என் கோட்டும்தான்.

எங்கள் கரையில் கத்தோலிக்கப் பெண் கோயிலுக்கு நடந்துதான் போவாள். நாலு கம்பில் வெள்ளைத் துணி கட்டி மேற்கட்டி பிடிப்பார்கள். அதன் கீழ் தகப்பன் கைகொடுத்துக் கூட்டிப் போவார். தகப்பன் உயிரோடு இருக்கும்போது மாமன் கைகொடுத்தால், தகப்பனுக்கு விருப்பமில்லாத கலியாணம் என்று ஊர் முடிவெடுத்துவிடும். பிறகு அந்தப் பெண் பேரப்பிள்ளை கண்டாலும் அந்தக் கதை போகாது.

ஜெசிந்தாவை வெளிக்கிடுத்தி முடிக்கிறேன், வாசலில் பாண்ட் வாத்தியக்காரர் தங்களுக்குத் தெரிந்த ஒரே பாட்டை வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள், தாய் ஓடிவந்து மகளிடம் சொல்கிறா:

"பிள்ளை, கொப்பர் கோட்டுக்க ஒரு கையை விட்டவர், உடன கழட்டிக்கொண்டு குசினிக்குப் பின்னால போய் உரலில இருந்திட்டார். வரமாட்டாராம்."

"ஏனாம்?" என்றேன் நான்.

"சொல்லுறாரில்லையே."

ஜெசிந்தா மூடுதுணியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "அக்கா, அப்பா வராட்டி நான் இந்தக் கதிரையை விட்டு எழும்பன். மாப்பிளை வேணுமெண்டா இஞ்ச வந்து இருக்கட்டும்" என்றாள். சொல்லும்போது சிரித்தாள். ஆனால் கதிரைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பூசை வைக்கக் காத்திருந்த சுவாமியாரிடமிருந்து ஆள் வந்தது. அவருக்கு அடுத்த ஊரில் ஒரு அடக்கம் இருக்கிறதாம். செத்தவர் காத்துக்கொண்டிருப்பார், அவருடைய மக்கள் காத்துக்கொண்டிருக்க மாட்டினம், கெதியாய் வாங்கோ என்று சொல்லிவிட்டிருந்தார்.

வீடு முழுக்க உரலைச் சுற்றி நின்றது. சவிரி அண்ணை கோட்டை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் வருத்தத்துக்கு மருந்து சொன்னார்கள். தையல்காரர், "கமக்கட்டில பிடிக்குது போல, நான் ஒரு தையலைப் பிரிச்சு விடட்டே" என்றார். புதுச் சப்பாத்துக் கடித்து நொண்டிக்கொண்டிருந்த மாமன், "மனுசனுக்குச் சப்பாத்துக் கடிக்குது, வெறுங்காலோட வரட்டும்" என்றார். குடிக்கிற சித்தப்பா, "அரைக் கிளாஸ் குடுத்துப் பாருங்கோ" என்று ஏற்கெனவே கிளாசோடு நின்றார். தாய்க்கு அழுகைதான் மருந்து, அவ அழுதா.

எனக்கோ வெட்கம் கூடின சுபாவம். சனம் பார்க்கும் என்று மனுசன் பயப்படுகிறார் என்று எனக்குப் பட்டது. கிட்டப் போய் மெல்ல, "அண்ணை, உங்களை ஒருத்தரும் பாக்கமாட்டினம். எல்லாரும் பொம்பிளையைத்தான் பாப்பினம்" என்று சொன்னேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வை, வலைக்குள் வந்த, ஒன்றுக்கும் உதவாத பேத்தை மீனைப் பார்க்கிற பார்வை. நான் பின்னுக்குப் போய்விட்டேன்.

பின்னுக்கு நின்றபடியால்தான் ஒன்றைக் கண்டேன். ஆட்கள் தங்களுக்குள் வாக்குவாதப்படத் தொடங்கியதும் அவர் கோட்டின் கழுத்துப் பட்டியைத் தூக்கி மூக்கில் வைத்தார். முகம் சுருங்கியது. உடனே இறக்கினார். எனக்குப் பளிச்சென்று விளங்கியது. இதைக் கடைசியாகப் போட்டவர் பிலிப்பு அண்ணை, தன் மகளின் கலியாணத்துக்கு; எருக்கலம்பிட்டியில் ஒருவரும் கோட் கேட்கவில்லை. அவர் சுருட்டுக் குடிப்பார், அதை மறைக்க ஓடிக்கொலோன் பூசுவார். இரண்டும் சேர்ந்த மணம் அந்தக் கோட்டில் அப்படியே இருந்தது. பகையாளியின் மணம் உடம்பில் பட்டால் ஆருக்குத்தான் அருவருக்காது?

எவ்வளவு கெட்டிக்காரி நான். கோட்டை மெல்ல வாங்கிக்கொண்டு குசினிக்குள் ஓடினேன். தணலில் சாம்பிராணியைப் போட்டு, கோட்டைப் பறவை இறக்கை விரிக்கிற மாதிரி விரித்துப் பிடித்து, உள்ளும் புறமும் புகை காட்டினேன். போதாததற்கு எருக்கலம்பிட்டி அத்தரையும் எடுத்து இரண்டு கைக்கும் தடவினேன். சுருட்டும் இல்லை, ஓடிக்கொலோனும் இல்லை. நோன்புப் பெருநாளும் நத்தார்ப் பண்டிகையும் ஒரே நாளில் வந்தது போல ஒரு மணம். சந்தோசமாகக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன்.

அவர் மோந்தார். திரும்ப மோந்தார். கழுத்துப் பட்டி, கை, கமக்கட்டு என்று ஒவ்வொரு இடமாக மூக்கைக் கொண்டுபோனார்.

"ஆர் இந்த வேலை பாத்தது?"

என் வாய் நிறையக் கொண்டையூசி. வேலை செய்யும்போது வாயில் ஊசி வைத்துக்கொண்டால் கதைக்கத் தேவையில்லை என்பதால் எனக்கு அந்தப் பழக்கம். கையைத் தூக்கினேன்.

"ஏன் பிள்ளை?" என்றார். ஏச்சில்லை. சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரிக் கேட்டார். கோட்டின் உட்புறத்தைத் திருப்பி, உள்பைத் துணியை வெளியே இழுத்து, அதற்குள் மூக்கை விட்டார். அங்கே கொஞ்சம் மிச்சம் இருந்திருக்க வேண்டும். அப்படியே இருந்தார்.

"சின்னனில அண்ணையும் நானும் ஒரு வள்ளப் பாய்த் துணியைப் போத்துக்கொண்டு கரையில படுத்தனாங்கள்" என்றார். எனக்குச் சொன்னாரோ உரலுக்குச் சொன்னாரோ தெரியாது.

பிள்ளைகளே, எனக்கு அப்போதுதான் விளங்கியது. மற்றவர் மனதை அறிவதென்றால் அவருடைய இடத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்திப் பார்ப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். நிறுத்தித்தான் பார்த்தேன். அங்கேயும் நானே நின்றேன். என் வெட்கம், என் அருவருப்பு. அவருடைய இடத்தில் அவரை விட்டுவிட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மனுசன் வெறுத்து மூக்கைச் சுருக்கவில்லை. தேடிச் சுருக்கியிருக்கிறார்.

"பிலிப்பு அண்ணையைக் கூட்டிக்கொண்டு வரட்டே?" என்று ஊசியைக் கையில் துப்பிவிட்டுக் கேட்டேன்.

"வேண்டாம். நான் கூப்பிட்டு அவர் வராட்டி என்னால தாங்க ஏலாது. கூப்பிட வேண்டாம்."

இதை எப்படி எடுப்பது? வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் வேண்டாம்தான். அவருக்குத் தெரியாமல் கூப்பிட்டால் அது அவருடைய மானத்தோடு விளையாடுவது. கூப்பிடாமல் விட்டால் கதிரையில் ஒருத்தி, உரலில் ஒருவர், கோயிலில் ஒரு மாப்பிள்ளை. பாண்ட்காரர் அதே பாட்டைத் திரும்பத் தொடங்கினார்கள்.

நான் கூப்பிடுவதில்லை என்று முடிவெடுத்தேன். என் கோட்டுக்கு நான் செய்த வேலையைப் போய்ச் சொல்வேன். அது என் சொந்த அலுவல். அதைச் சொல்ல வேண்டாம் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

தெருவால் போனால் முழுச் சனமும் பார்க்கும். வேலிப் பொட்டை அடைத்திருந்த ஓலையை இழுத்தேன். ஊசியை மறுபடி வாயில் வைத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நாலு காலில் உள்ளே போனேன்.

"ஆரது, நாயோ?" என்றது ஒரு குரல்.

எழும்பி நின்று பார்த்தேன். பிலிப்பு அண்ணை முற்றத்தில் கதிரை போட்டு, முகத்தை வேலிக்கு நேரே வைத்துக்கொண்டு இருக்கிறார். வெள்ளைச் சேட், புது வேட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து வகிடு எடுத்து, சப்பாத்து மினுங்குகிறது. பக்கத்தில் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தா.

"விடியத்தொடக்கம் உப்பிடித்தான் உடுத்துக்கொண்டு இருக்கிறார், பிள்ளை" என்றா அவ. "எங்க போறியளெண்டு கேட்டால், மாட்டுக்குத் தவிடு வாங்கப் போறாராம்."

"வாயை மூடு" என்றார் அவர். பிறகு என்னிடம், "என்ன, ஊசியை விழுங்காமல் சொல்லு" என்றார்.

"உங்கட தம்பி கோட்டைப் போடாமல் இருக்கிறார், அண்ணை."

முகம் கறுத்தது. "ஏன், நான் போட்ட கோட்டெண்டோ?"

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான். உங்கட மணம் போகட்டுமெண்டு சாம்பிராணி காட்டிப்போட்டன். இப்ப மனுசன் கோட்டை உள்வளமாத் திருப்பி, பைக்க மூக்கை விட்டு உங்கட மணத்தைத் தேடிக்கொண்டு இருக்கிறார்."

அவர் கதிரையின் நுனிக்கு நகர்ந்தார். மனைவி புடைத்த சுளகு நின்றது.

"அவன் என்னைக் கூப்பிட்டவனோ?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் மனுசன் எழும்பி வந்துவிடுவார். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அங்கே போய், 'நான் எங்க கூப்பிட்டனான்' என்று தம்பி கேட்டால் இன்னொரு முடி பறக்கும்.

"இல்லை. கூப்பிட வேண்டாமெண்டுதான் சொன்னவர். கூப்பிட்டு நீங்கள் வராட்டித் தாங்க ஏலாதாம்."

பிலிப்பு அண்ணை எழும்பினார். இருந்தார். மறுபடி எழும்பினார். "கூப்பிடாத வீட்டுக்கு ஒரு மனுசன் என்னெண்டு போறது?" என்று மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

"தவிடு வாங்கத்தானே வெளிக்கிட்டனீங்கள்" என்றா அவ. "அங்கயும் தவிடு இருக்கும். போங்கோ."

தெருவால் போக அவருக்கும் மானம். பொட்டுக்குள் தலையை விட்டார். தலை போனது, தோள் போனது, வயிறு நின்றது. பொட்டு அடைத்தபின் மனுசன் வளர்ந்திருக்கிறார். முன்னுக்கும் போக ஏலாது, பின்னுக்கும் வர ஏலாது. மனைவி பின்னால் நின்று இரண்டு கையாலும் தள்ளினா. நானும் ஒரு பக்கத்தால் தள்ளினேன். என் வாழ்நாளில் அந்நிய ஆம்பிளை ஒருவரை நான் தொட்டது அதுதான் முதல் தரம், அதுவும் தொட்ட இடம் அப்படி.

சத்தம் கேட்டு அந்தப் பக்கத்தில் எல்லோரும் ஓடி வந்தார்கள். ஓலை இடுக்கால் எனக்கு எல்லாம் தெரிந்தது. சவிரி அண்ணை கோட்டைக் கையில் பிடித்தபடி முன்னால் வந்து நின்றார். நிலத்திலிருந்து ஒரு முழ உயரத்தில் தமையனின் தலை. எண்ணெய் வைத்த தலையில் ஓலைத் துண்டு.

"அண்ணை" என்றார் சவிரி அண்ணை. "மேல கம்பு தட்டுது. குனியுங்கோ."

"கூத்திலயே குனியாதவன் வேலியிலயோ குனியிறது?" என்றது தலை.

"அப்ப நானும் குனியிறன்" என்று தம்பி முழங்காலில் இருந்தார். இருந்து, கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தமையனின் இரண்டு கையையும் பிடித்து, வலை இழுக்கிற மாதிரிக் காலைப் பின்னுக்கு ஊன்றி, தன்னை அறியாமல் அம்பாவை எடுத்துவிட்டார். நின்ற ஆட்கள் எல்லோரும் வலைக்காரர். பாட்டைக் கேட்ட உடனே அவர்களுடைய கையும் தானாக வந்தது. ஒருவர் பிடித்தவரை ஒருவர் பிடித்து இழுக்க, பின்னால் நாங்கள் தள்ள, பாண்ட்காரருக்கும் என்ன தோன்றியதோ மேளத்தை அந்தத் தாளத்துக்கு அடித்தார்கள். பிலிப்பு அண்ணை வந்தார். வேலியும் கூட வந்தது.

விழுந்த இடத்திலேயே தம்பியின் மேல் கிடந்தபடி அவர் கோட்டை மோந்து பார்த்தார். "இதென்னடா, அத்தர்க் கடை மாதிரி" என்றார். அதோடு இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கினார்கள். ஒருவர் நிறுத்த மற்றவர் தொடங்குவார். சித்தப்பா கையில் இருந்த அரைக் கிளாசைத் தானே குடித்துவிட்டுச் சிரித்தார். அழுதுகொண்டிருந்த தாயும் சிரித்தா. ஜெசிந்தா கதிரையை விட்டு எழும்பி வந்து யன்னலில் நின்று சிரித்த சிரிப்பில் கண் மை கன்னம் வரை ஓடியது. நான் போட்ட முகம் முழுக்கப் போய்விட்டது. கவலை வரவில்லை. ஈரத் துணியால் துடைத்துவிட்டு, மா பூசாத முகத்தோடு அவளை வெளிக்கிடுத்தினேன். அன்றுதான் அந்தக் கரையில் ஒரு பெண் தன் சொந்த முகத்தோடு கோயிலுக்குப் போனாள்.

பிலிப்பு அண்ணை தம்பிக்குக் கோட்டைப் போட்டுப் பொத்தான் பூட்டிவிட்டார். "நான் பின்னால வாறன், நீ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ" என்றார். சவிரி அண்ணை ஒரு கையை மகளுக்குக் கொடுத்தார். மற்றக் கையால் தமையனின் கையைப் பிடித்தார். விடவில்லை. இரண்டு பேர் நடக்க அளவெடுத்த மேற்கட்டிக்குள் மூன்று பேர். கம்பு பிடித்தவர்கள் துணி கிழியாமல் இருக்க ஒரு பக்கமாகச் சரிந்து நடந்தார்கள்.

நான் மூடுதுணியின் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். பாதி வழியில் ஜெசிந்தா தலையைத் திருப்பாமல் கேட்டாள்:

"அக்கா, அப்பா என்னைக் கட்டிக் குடுக்கப் போறாரோ, பெரியப்பாவையோ?"

எனக்குச் சிரிப்பில் ஊசி எல்லாம் வாயிலிருந்து தெருவில் கொட்டுண்டுபோனது.

கோயில் வாசலில் சுவாமியார் வியர்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை, இன்னும் கொஞ்சம் கூட வியர்த்துக்கொண்டு. சுவாமியார் மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பொம்பிளையின்ர கையை மட்டும் தாங்கோ" என்றார். சவிரி அண்ணை மகளின் கையை எடுத்து, மாப்பிள்ளையின் கையில் வைத்து, அதன் மேல் ஒருமுறை தட்டிக் கொடுத்தார். மற்றக் கையில் இருந்த தமையனின் கையைப் பூசை முடியும்வரை அவர் விடவேயில்லை.